கருப்பைவாய்ப் பரிசோதனை: பழனி மலைப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கத்து மகளிர் குழுக் கூட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றிப் பேசினால் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஒருவர் அருகில் வந்து, "ஒண்ணு கேக்கணும்" என்பார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காது கொடுத்து நிற்பார்கள். அப்படி வாசலில் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கமும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான்.

இது என்ன டெஸ்ட்டு? எந்த இடத்துல பாப்பாங்க?

கருப்பையைக் கவிழ்த்து வைத்த ஒரு சின்னக் குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடத்தின் வாய் பிறப்புறுப்பின் உள்பக்கத்தில் திறக்கிறது. அதுதான் கருப்பைவாய். அங்கே வரும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸ் காரணம். அந்த வைரஸில் பல வகை உண்டு. இந்த நோயில் ஏறக்குறைய 70 சதவீதத்தை 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உண்டாக்குகின்றன.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செய்வது வி.ஐ.ஏ. என்ற சோதனை. வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் வைப்பார்கள். ஒரு நிமிடம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த திசு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். முடிவை அப்போதே சொல்லிவிடுவார்கள். திசுவைத் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பாப் ஸ்மியர், வைரஸையே தேடும் எச்.பி.வி. சோதனை என்று வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன.

எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு வரணும்?

ஒன்றும் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே. வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றுநோய் ஆக பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலம் முழுக்க வலி இருக்காது, ரத்தம் படாது, வேலைக்கும் இடைஞ்சல் இருக்காது. அந்தக் காலத்தில் கண்டுபிடித்தால் கத்தி வைக்காமலே சரிசெய்யலாம். இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000 பெண்களுக்கு மேல் இந்த நோய் வருகிறது, 75,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்ததே ரத்தப்போக்கு தொடங்கிய பிறகுதான்.

எந்த வயசுல ஆரம்பிக்கணும்?

30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அரசு வழிகாட்டுதல் அப்படித்தான். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு.

வலிக்குமா? உள்ள எதையாச்சும் வச்சுத் தச்சுருவாங்களா?

தைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரித்துப் பார்ப்பார்கள். அழுத்தம் தெரியும். மருந்து படும்போது கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். படுத்து எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆகாது. உடம்பை இறுக்கினால் கூடுதலாகக் கஷ்டமாக இருக்கும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுங்கள். இன்னொன்று: மார்கழிக் குளிரில் கொடைக்கானல் மலையில் உலோகக் கருவி ஐஸ் மாதிரி இருக்கும். வெந்நீரில் நனைத்துவிட்டு வையுங்கள் என்று நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

"காப்பர்-டி மாட்டி விட்டுருவாங்களாமே" என்று பாச்சலூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உங்களைக் கேட்காமல் யாரும் எதையும் மாட்டக் கூடாது, மாட்டவும் மாட்டார்கள். சந்தேகமாக இருந்தால் நம்பிக்கையான ஒரு பெண்ணைத் துணைக்கு உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முடியெல்லாம் எடுத்துட்டு வரணுமா? சாப்பிடாம வரணுமா?

இரண்டும் வேண்டாம். இந்த முதல் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டே எத்தனையோ பேர் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். சேலையைக் கழற்ற வேண்டியதில்லை, தூக்கிவிட்டால் போதும். மாதவிடாய் நாளில் வராதீர்கள். முந்தின இரண்டு நாள் தாம்பத்தியமும், உள்ளே வைக்கும் மாத்திரை, மருந்தும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றே சர்க்கரையும் பார்ப்பார்கள் என்றால் மட்டும் வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பளை டாக்டர் பாப்பாரா?

பெரும்பாலும் இதற்கென்று பயிற்சி பெற்ற பெண் நர்ஸ்தான் பார்ப்பார். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. யார் பார்க்கிறார்கள் என்பது வருவோர் எண்ணிக்கையையே மாற்றும். நம் திண்டுக்கல் மாவட்டமே அதற்குச் சாட்சி.

2000-ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து இந்த மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களை வி.ஐ.ஏ. பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைவு. உலகம் முழுக்க இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிற மருத்துவர்கள் திண்டுக்கல் பெயரைச் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்ப இத்தனை பேர் வந்தாங்கன்னா, இப்ப ஏன் யாரும் வர மாட்டேங்கிறாங்க?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு எவ்வளவோ மேல். ஆனாலும் நூற்றுக்குப் பத்து பேர் தேறவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த ஆய்வுக்கு அழைத்தபோது மட்டும் மூன்றில் இரண்டு பேர் எப்படி வந்தார்கள்? வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே பார்த்தார்கள். பார்த்தவர் பெண். மாறுதல் தெரிந்தால், பொருத்தமானவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் கொடுத்தார்கள்.

"விழிப்புணர்வு இல்லை" என்று மேடையில் பேசுவது சுலபம். பெண்களுக்குத் தெரியாமல் இல்லை. பஸ், கூலி, அறைக்குள் யார் இருப்பார் என்ற பயம், பாசிட்டிவ் என்றால் அடுத்து எங்கே அலைய வேண்டும் என்ற கவலை, இவைதான் காலைக் கட்டுகின்றன. அந்த ஆய்விலும் இளையவர்கள், மணமாகிக் கணவரோடு இருப்பவர்கள், கொஞ்சமாவது பள்ளிக்கூடம் போனவர்கள் அதிகமாக வந்தார்கள். வயது கூடியவர்களும் கணவரை இழந்தவர்களும் குறைவாக வந்தார்கள். புற்றுநோய் அதிகம் வருவது அந்த வயது கூடியவர்களுக்குத்தான். நம் குழுக்களிலும் இதே கதைதான். 32 வயது மருமகள் வருவாள், 54 வயது மாமியார் "எனக்கென்னத்துக்கு" என்று வாசலிலேயே நின்றுவிடுவார்.

காப்பிப் பழம் எடுக்கிற சமயத்துல ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரச் சொல்றீங்களா?

சொல்ல மாட்டேன். கார்த்திகையிலிருந்து தை வரை கீழ்மலையில் காப்பிப் பழம் எடுக்கிற வேலை. அப்போது முகாம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், குறை சொல்லவும் முடியாது. மேல்மலையில் பூண்டு அறுக்கும் காலத்திலும் இதேதான். முகாம் நாளை முடிவு செய்யும் முன் குழுத் தலைவிகளைக் கேட்க வேண்டும் என்பது என் பல வருஷப் புலம்பல்.

உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். மழை பெய்து வேலை நிற்கும் நாளிலோ, ரேஷன் வாங்க இறங்கும் நாளிலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். செலவில்லை. என்சிடி நர்ஸ் (பிரஷர், சர்க்கரை, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களைப் பார்க்கும் நர்ஸ்) எந்த நாளில் இருப்பார் என்று முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். போய்விட்டு, "இன்னைக்கு சிஸ்டர் மீட்டிங் போயிருக்காங்க" என்று திரும்பி வருகிறவர் இரண்டாம் முறை வரவே மாட்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொன்னால் அவரே கேட்டுச் சொல்வார்.

வீட்டுக்காரர்ட்ட கேக்கணுமா? மாமியா என்ன ஏதுன்னு கேட்டா?

சட்டப்படி உங்கள் சம்மதம் ஒன்றே போதும். சட்டம் வேறு, வீடு வேறு என்பது எனக்கும் தெரியும். பிரஷர், சர்க்கரை, மார்பகம், கருப்பைவாய் எல்லாவற்றையும் ஒரே நாளில்தான் பார்க்கிறார்கள். "பிரஷர் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் அது பொய்யில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன 54 வயதுக்காரர் அவர்தானே.

நர்ஸம்மா எங்க ஊர்க்காரி. நாளைக்கு ஊரே பேசுமே?

சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியாது. இருபது வீடு உள்ள மலைக் கிராமத்தில் தன்னார்வலர் நாத்தனாராக இருப்பார், நர்ஸ் கூடப் படித்தவராக இருப்பார். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. பெரும்பாலோர் மதிக்கிறார்கள். ஆனால் விதி இருக்கிறது என்பதற்காக உங்கள் கூச்சம் போய்விடாது.

உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில்தான் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சந்தைக்கு இறங்குகிற அன்று முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு ஏற்றிருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் போனால் அந்த வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கூச்சமே தடையாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு. அப்புறமும் வேணுமா?

வேண்டும். அந்த அறுவையில் கருக்குழாயை மட்டும் கட்டுகிறார்கள். கருப்பைவாய் அப்படியேதான் இருக்கிறது.

கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்களே எனக்கு?

எதற்காக எடுத்தார்கள், வாயோடு சேர்த்து எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். கட்டி, பெரும்பாடு போன்ற காரணத்துக்காக வாயோடு முழுதாக எடுத்திருந்தால் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். சீட்டு இல்லையென்றால், வாய் இருக்கிறதா என்பது நர்ஸ் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டி ஒன்று. "புத்துநோய் வராம இருக்க முன்கூட்டியே கர்ப்பப்பையை எடுத்துரலாமா" என்று கேட்கிறவர்கள் உண்டு. யாராவது அப்படி அறிவுரை சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். ஐந்து நிமிடப் பரிசோதனையில் தெரிகிற விஷயத்துக்குப் பெரிய அறுவை எதற்கு?

எனக்குத் தீட்டு நின்னு வருஷமாச்சு. இனிமே என்ன?

நின்ற பிறகும் வரும், அந்த வயதில்தான் கூடுதலாக வரும். ஒரு சிக்கல்: மாதவிடாய் நின்ற பிறகு பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும். வி.ஐ.ஏ.வில் சரியாகத் தெரியாமல் போகலாம். எனவே 50 தாண்டியவர்களுக்கு பாப் ஸ்மியரோ எச்.பி.வி. சோதனையோ பொருத்தம். "சரியாத் தெரியலை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று நர்ஸ் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இது தப்பான பழக்கம் இருக்கவங்களுக்கு வர்ற நோய்னு சொல்றாங்களே?

இந்த ஒரு பேச்சு எத்தனை பேரைத் தடுத்திருக்கிறது என்று கணக்கே இல்லை. எச்.பி.வி. உடலுறவில் பரவுவது உண்மை. ஆனால் அது அவ்வளவு சாதாரணமான வைரஸ். மணவாழ்க்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொற்றும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால்தான் தொல்லை. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும்.

எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே ஆணுக்கு இருந்திருக்கலாம், அவருக்கே தெரிந்திருக்காது. எனவே பாசிட்டிவ் என்று வந்த சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து நடத்துவதில் அர்த்தமே இல்லை. கணவரை இழந்தவர்கள் "இந்த வயசுல நான் போய் அங்க நின்னா என்ன நினைப்பாங்க" என்கிறார்கள். வைரஸ் தங்கியிருந்தால் வேலையைக் காட்டப் பதினைந்து வருஷம் ஆகும் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் கட்டாயம் வர வேண்டும்.

பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. அப்ப புத்துநோய்தானே?

இல்லை. அம்பிளிக்கை ஆய்வில் பரிசோதித்த 31,343 பேரில் 3,088 பேருக்கு வி.ஐ.ஏ. பாசிட்டிவ். ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புண், அழற்சி, புற்றுநோய்க்கு முந்தின மாறுதல் எதுவாக இருந்தாலும் வெள்ளையாகத் தெரியலாம். அடுத்து கால்போஸ்கோபி என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளியளவு திசு எடுப்பார்கள்.

முந்தின மாறுதல் என்று தெரிந்தால் குளிர்வித்து உறையவைக்கும் கிரையோ சிகிச்சை, அல்லது சூடு வைத்து எரிக்கும் சிகிச்சை. படுக்கை தேவையில்லை, அன்றே வீட்டுக்கு வரலாம். கிரையோவுக்குப் பின் மூன்று நான்கு வாரம் பிறப்புறுப்பிலிருந்து தண்ணீராகப் படும். அது வழக்கம்தான். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். இதை வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாமல் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. "டாக்டர் ஒரு மாசம் கூடாதுன்னுட்டாங்க" என்று நர்ஸையே போனில் சொல்லவையுங்கள்.

திண்டுக்கல்லுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. போகாம விட்டா என்ன ஆகும்?

பலர் பரிசோதனைக்கு வந்துவிடுகிறார்கள், சீட்டு வாங்குகிறார்கள், பிறகு நின்றுவிடுகிறார்கள். அவ்வளவு நன்றாக நடந்த ஆய்விலேயே, மாறுதல் கண்டவர்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்தார்கள். பாச்சலூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து இறங்கி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, பன்னிரண்டு மணிக்கு "நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் பெண்ணிடம் உறுதி போதவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் பஸ் வரும் இடத்துக்கே நடந்துதான் வர வேண்டும்.

செய்யக்கூடியவை: கால்போஸ்கோபி பார்க்கும் கிழமையை எழுதிக் கொடுத்த நர்ஸிடமே கேட்டு வாங்குங்கள். ஒரே குழுவில் இரண்டு மூன்று பேருக்கு எழுதியிருந்தால் ஒரே நாளில் சேர்ந்து போங்கள். ஆதாரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று அன்றே ஓட வேண்டியதில்லை, ஆனால் சில வாரங்களுக்குள் போய்விடுங்கள். அடுத்த காப்பி முடியட்டும் என்று ஒத்திப்போட்டால் அது அடுத்த வருஷக் காப்பியாகிவிடும்.

பொண்ணுக்கு ஊசி போட்டுட்டா எனக்கு இந்தப் பரிசோதனை வேணாமா?

எச்.பி.வி. தடுப்பூசியைத்தான் கேட்கிறார்கள். அவளுக்குப் போட்ட ஊசி அவளுக்கு. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். உங்களுக்கு ஏற்கெனவே தங்கியிருக்கும் வைரஸை ஊசி விரட்டாது. மகளும் 30 ஆனதும் பரிசோதனைக்கு வர வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

எங்க குழுவுல வரலைன்னா கடன் கிடையாதுன்னு சொல்லிப் பாக்கலாமா?

குழுத் தலைவிகள் கேட்பது. வேண்டாம். மிரட்டி ஒருமுறை அழைத்து வரலாம். அதன் பிறகு பாசிட்டிவ் என்று சொன்னால் அந்தப் பெண் யாரை நம்பித் திண்டுக்கல் போவார்? அதைவிட, ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவர் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசினால் போதும். "எரிஞ்சது, அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்புவார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நெகட்டிவ்னு சொன்னாங்க. ஆனா அப்பப்ப ரத்தம் படுது. அடுத்த அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம்ல?

கூடாது. ஐந்து வருஷ இடைவெளி ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு, நாற்றத்தோடு நீர், விடாத அடிவயிற்று வலி இவற்றில் எது இருந்தாலும் முந்தின முடிவு செல்லாது. எந்தச் சோதனையும் சிலரைத் தவறவிடும், வி.ஐ.ஏ.வும் அப்படித்தான். முகாமுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். ரத்தம் பட்டுக்கொண்டிருக்கும் போதே போகலாம், "தீட்டு மாதிரி இருக்கே" என்று தள்ளிப்போட வேண்டாம். எப்போது தொடங்கியது, எத்தனை நாள் படுகிறது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போனால் மருத்துவருக்கு வேலை சுலபம்.